வேலைக்கு வந்த பையன்

சக்தி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "புது வூடு பூட்டிக் கெடக்குது, நீ இன்னும் அந்த ஓட்டு வூட்டுலயே இருக்கற, ஊரே என்னயக் கேக்குதும்மா" என்றாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், அழுதால் நீ "சரி சரி வுடும்மா" என்பாய், அதோடு பேச்சு முடிந்துபோகும். போன ஆறு மாதமாக அப்படித்தான் முடிந்துகொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். சத்துணவு மையத்தில் வேலை பார்த்தவளுக்கு நாலு பக்கம் எழுதுவது பெரிய காரியம் இல்லை. நீ ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படி. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்திமதி எழுதுவது வழக்கம்தான். என்னிடம் இருக்கிற புத்திமதி இந்த வீட்டைப் பற்றியது மட்டும்தான்.

வீடு எப்படி ஆரம்பித்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் நான் பார்த்த மாதிரி சொல்கிறேன். உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இருக்கிற கரட்டு நிலத்தைக் காட்டி, இது பயிருக்கு ஆகாது, வீட்டுக்குத்தான் ஆகும் என்பார். சொல்லிக்கொண்டே இருந்தார், கட்டவில்லை. நீ ஓசூர் கம்பெனியில் நிரந்தரமான பிறகு ஒருநாள் வந்து, "கொத்து வேலைக்கு மேஸ்திரி ஒருத்தர் இருந்தாப் போதும்மா, மீதிய நாங்களே பாத்துக்கறம், என் ரூம்மேட்டுங்க வர்றன்னு சொல்லிட்டானுங்க" என்றாய். நான் சிரித்தேன். சித்தாள் வேலை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலமே காரிமங்கலத்தில் பஸ் இறங்கி நாலு பேரும் நடந்து வந்தீர்கள். நீ, தர்மபுரி இம்ரான், கோபி, அப்புறம் மாதேஷ். எல்லாரும் ஒரே கம்பெனி, ஒரே அறை. ஓசூரில் ஒரே தட்டில் பரோட்டாவைப் பிய்த்துத் தின்கிறவர்கள் என்று நீயே அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாய்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் மாதிரி எனக்கு வாழ்க்கையில் அமைந்ததில்லை. உன் அப்பா போனதிலிருந்து நான் எனக்கு ஒருத்திக்காக ஒரு டம்ளர் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள். திடீரென்று நாலு வாலிபப் பிள்ளைகளுக்குக் களி கிண்ட வேண்டியிருந்தது. இம்ரான் ஒரு சட்டி மண் தூக்குவதற்குள் பத்துக் கதை சொல்வான். கோபிக்கு முதல் நாளே கை முழுக்கக் கொப்புளம். மறுவாரம் கையுறை போட்டுக்கொண்டு வந்தான், நீங்கள் எல்லாரும் அவனை டாக்டர் என்று கூப்பிட்டீர்கள். மாதேஷ் பேச மாட்டான். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டும்போது வடக்குப் பக்கம் பாறை தலை நீட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? நீ சோர்ந்து உட்கார்ந்து, வீட்டையே நாலு அடி தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றாய். "தள்ளிப் போட்டா சமையல்கட்டு சின்னதாயிரும்டா, அம்மாவுக்குப் பத்தாது" என்று சொன்னது அவன்தான். நீ இல்லை. இரண்டு ஞாயிறு அந்தப் பாறையோடு மல்லுக்கு நின்றான். கடப்பாரை எகிறி அவன் கட்டைவிரல் நகம் பெயர்ந்து போனது. நான் மஞ்சளும் துணியும் எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே நீட்டினான். நான் கட்டுப் போட்டேன். நீ பின்னாலிருந்து, "வுடும்மா, அவனே கட்டிக்குவான்" என்றாய். பெரிய ஆம்பிளைக்கு அம்மா கட்டுப் போடுவதைக் கிண்டல் செய்கிறாய் என்று நான் நினைத்தேன்.

நான் எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் பார். புங்க மரத்தடியில் சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் மூன்று பேரும் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள். அவன் மட்டும் தன் தட்டைப் போர்வெல் குழாயில் கழுவி, வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போவான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தக் குழாயில்தான் கை ஏந்திக் குடிப்பான். எவ்வளவு நல்ல வளர்ப்பு, இவனைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். உன்னிடம்கூடச் சொன்னேன், "அவனப் பாத்துக் கத்துக்கடா" என்று. நீ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சுவர் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓட்டு வீட்டுக்குள் ஓடி வந்தீர்கள், மேஸ்திரி உள்பட. மாதேஷ் சிமெண்ட் மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, அந்தத் தார்ப்பாய் ஓரத்திலேயே குந்திக்கொண்டான். நான் வாசலில் நின்று, "உள்ள வா சாமி, நனையற பாரு" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான். நீ, "அவன் அங்கயே இருக்கட்டும்மா, மூட்டயப் பாத்துக்குவான்" என்றாய். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். இம்ரான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தினான். அன்றைக்கு எனக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனால் அதை வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. நீ என் பிள்ளை. சத்துணவு மையத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே கரண்டியில் நான் போட்ட சோற்றைத் தின்று வளர்ந்தவன். அந்தப் புத்தி உனக்கு வராது என்று இருந்துவிட்டேன்.

இனி புதுமனைப் புகுவிழாவில் நடந்ததற்கு வருகிறேன். வீட்டுக்குள் பால் காய்ச்சி முடித்து, நான் வாசலுக்கு வந்தேன். பந்தலில் உன் பெரியப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இம்ரானும் கோபியும் புதுச் சட்டை போட்டு முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் மாதேஷ் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். பின்னால் அவன் அம்மா. மடிப்புக் கலையாத பச்சைச் சேலை, கையில் பழம், தேங்காய், பூ வைத்த தட்டு. முதல் நாளே வந்து ஹாலில் சீலிங் ஃபேனை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனவன், "நாளக்கி அம்மாவக் கூட்டிட்டு வர்றங்கம்மா, உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளாச் சொல்லுது" என்று என்னிடம் சொல்லியிருந்தான். நான் அந்த அம்மாவை வரவேற்க இரண்டு படி இறங்கினேன்.

அதற்குள் உன் பெரியப்பா கேட்டுவிட்டார். "யாரு நீங்க? எந்த ஊரு?"

"நல்லம்பள்ளிப் பக்கங்க" என்றான் மாதேஷ்.

"அது சரி. ஊருக்குள்ளயா, காலனியா?"

அவன் வாயைத் திறந்தான். அவன் மறைத்துப் பேசுகிறவன் இல்லை, சொல்லியிருப்பான். நீ நடுவில் புகுந்தாய். "நம்ம வூட்டு வேலைக்கு வந்த பையன் பெரியப்பா. மேஸ்திரி கூட."

நான் காதால் கேட்டேன் சக்தி. மேஸ்திரியும் அவர் ஆட்களும் பந்தலுக்கு வெளியே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், வேட்டி துண்டு வாங்கிக்கொள்வதற்கு. வேலை செய்தவர்களுக்கு வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம்தான், அவர்களுக்கு அது மரியாதைதான். நீ மாதேஷின் தோளைத் தொட்டு, சிரித்துக்கொண்டே அவனை அந்தப் பாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். வரிசையில் கடைசியாக நிற்க வைத்து ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தாய். அவனோடு ஒரே அறையில் படுத்து எழுந்தவன் நீ. ஒரு நாள் கூலிகூட வாங்காமல் தன் வார விடுமுறைகளை எல்லாம் உன் சுவருக்குக் கொடுத்தவன் அவன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் அம்மா தட்டைப் பிடித்தபடி நடுப் பந்தலில் நின்றார். உட்காருங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "இந்தாங்க" என்று தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மகனிடம், "போலாம்பா" என்றார். "டியூட்டி இருக்குதுங்கம்மா, வர்றங்க" என்று அவன் என்னிடம் சொன்னான். பைக் கிளம்பிப் போனது. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜனமெல்லாம் போன பிறகு உன்னைக் கேட்டேன். நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாய்: "அம்மா, நாளக்கி எனக்குப் பொண்ணு பாக்கணும். பெரியப்பாதான முன்ன நின்னு பேசணும்? அத்தன பேரு முன்னால நான் என்ன சொல்ல முடியும்? ஒரு நிமிசப் பேச்சு. அவனுக்கு நம்ம ஊரப் பத்தித் தெரியும். அவன் தப்பா எடுத்துக்க மாட்டான்."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அவன் நல்லவன் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நல்ல குணத்தின் மேல் காலை வைத்துத்தான் நீ ஏறியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒருவனுக்கு நீ அப்படிச் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. உன் பெரியப்பாவை விடு, அவருக்கு இனி யார் சொல்லியும் ஏறாது. அவர் கேட்டது அவருடைய புத்தி. பதில் சொன்னது நீ.

ஒரு மாதம் கழித்து இம்ரான் போன் செய்தான். அவன்தான் மிச்சத்தையும் சொன்னான். முதல் வாரம் பஸ்ஸில் வரும்போதே நீ மாதேஷிடம் சொல்லியிருக்கிறாய், எங்கள் ஊர் கொஞ்சம் ஒரு மாதிரி, நீ வீட்டுக்குள் வராதே, தட்டைக் கழுவி வைத்துவிடு, தண்ணீர் வெளியிலேயே குடித்துக்கொள், அம்மா பழைய காலத்து ஆள் என்று. என் பேரைச் சொல்லியிருக்கிறாய்! அப்படியானால் அவன் என் களியைத் தின்ற ஒவ்வொரு வாரமும், இந்த அம்மா என்னைப் படிக்கு வெளியே நிறுத்துகிறவள் என்று நினைத்துக்கொண்டேதான் தின்றிருக்கிறான். நான் 'உள்ளே வா சாமி' என்று மழையில் கூப்பிட்டபோது அவன் ஏன் உன்னைப் பார்த்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நாங்களும் வாய மூடிக்கிட்டுத்தாம்மா இருந்தம்" என்று இம்ரான் சொன்னான். அவன் அதற்கு வெட்கப்பட்டான். உனக்கு அதுகூட இல்லை.

அதனால்தான் நான் அந்த வீட்டில் படுக்கவில்லை. ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தேன். சமையல்கட்டில் நின்றால், பத்தாது என்று எனக்காகப் பேசியவன் நினைவு வருகிறது. எழுந்து ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் மாதேஷ் வீட்டுக்குப் போனேன். தர்மபுரி போய் பஸ் மாறி, இம்ரானிடம் வழி கேட்டுக்கொண்டு தனியாகப் போனேன். அவர்களும் வீடு கட்டுகிறார்கள். பழைய குடிசை இருந்த இடத்திலேயே இரண்டு அறை, சுவர் தலைக்கு மேல் எழும்பிவிட்டது. சாந்து கலக்கிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறாய்? கையுறை போட்ட கோபி. இம்ரான் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் ஒவ்வொரு வாரமும் அங்கேதான் போகிறார்கள். உன்னை யாரும் கூப்பிடவில்லை, இல்லையா?

மாதேஷின் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "எதுக்குங்க வந்தீங்க?" என்றார்.

"எம் பையன் அன்னிக்குப் பேசுனது தப்புங்க. அதச் சொல்லத்தான் வந்தன்."

"அதுக்கு அவருதான வரணும்? நீங்க எதுக்கு வெயில்ல வந்தீங்க?"

அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பேச்சு அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் குழாயை எடுத்துச் சுவருக்குத் தண்ணீர் விட்டேன். வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. மறுவாரமும் போனேன், அதற்கு அடுத்த வாரமும் போனேன். மாதேஷ் என்னோடு முன்போலவே பேசுகிறான், உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறான். ஒருநாள் துணிந்து கேட்டேன், தளம் போடும்போது சக்தியை வரச் சொல்லட்டுமா என்று. "வேணாங்கம்மா. ஆளு இருக்குது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நீ என் ஒரே பிள்ளை. உன்னைக் குறை சொல்லி எழுதுவது எனக்கு இனிப்பாக இல்லை. எனக்கு இப்போது மாதேஷைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. அவன் வீடு எழும்பிவிடும், அவனுக்கு மனுஷர்கள் இருக்கிறார்கள். நீ கட்டிக்கொண்டு வரப்போகிற பெண்ணைப் பற்றித்தான் கவலை. நம் வீட்டில் அவளுக்கு யாரையும் தெரியாது. நாளைக்குப் பந்தலிலோ பந்தியிலோ உன் பெரியப்பாவோ வேறு ஒரு பெரிய மனுஷரோ அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அவள் படித்ததைப் பற்றி, அவள் வேலைக்குப் போவதைப் பற்றி, ஒரு வருஷம் ஆகியும் வயிறு நிறையாததைப் பற்றி. அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போதும் நீ சிரித்துக்கொண்டே, அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று அவர் பக்கம் போய் நிற்பாய். எதிரே நிற்கிறவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது உனக்குப் பழகிப்போயிற்று. அதை விடு. மற்றப் புத்திமதியெல்லாம் உனக்கு யாராவது சொல்லுவார்கள்.

மாதேஷ் வீட்டுக்கு நீயாகப் போ என்றும் நான் சொல்ல மாட்டேன். எனக்காகப் போனால் அந்த அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். போக வேண்டும் என்று உனக்கே தோன்றினால் போ. போனால் உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதே.

இனி, இந்த ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாய். நான் காலையிலேயே போய் வீட்டைப் பெருக்கி, கோலம் போட்டு, பட்டுச் சேலை கட்டி நிற்க வேண்டும் என்றாய். வீட்டைச் சனிக்கிழமையே பெருக்கி வைத்துவிடுகிறேன். சாவி பெரியப்பா வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருக்க மாட்டேன். அன்றைக்குத்தான் மாதேஷ் வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். கான்கிரீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் மதியச் சோறு நான் ஆக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா, "செய்யறதுன்னா செய்ங்க" என்றார். அந்த வார்த்தையை வாங்க எனக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. அதை நான் விட முடியாது.

கல்யாணத்துக்கு வருவேன், பயப்படாதே. தாய் செய்ய வேண்டியதை எல்லாம் செய்வேன், எதிலும் குறை வைக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண்ணைப் பெற்றவர் ஹாலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் முதலில் கேட்கப்போவது, "சம்பந்தியம்மா எங்கங்க?" என்பதைத்தான். உன் பெரியப்பாவும் பக்கத்தில் இருப்பார். நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அம்மா